இல்லத்து மருந்துப் பேழை

நம் நாட்டில் இன்று மருந்தில்லாத இல்லம் அரிது. அரிசிக்கு ஓர் இடமும், ஆடைக்கு ஓர் இடமும், புத்தகத்திற்கு ஓர் இடமும் வகுத்துக்கொண்ட நாம், மருந்துக்கு மட்டும் தக்கதோர் இடம் வகுத்தோமில்லை. மாத்திரை அட்டை ஒன்று தொலைக்காட்சிப் பெட்டியின் மேலும், புட்டி ஒன்று அடுக்களைப் பலகையிலும், களிம்புக் குழாய் ஒன்று குளியலறை மாடத்திலும், பொட்டலம் ஒன்று பாட்டியாரின் தலையணையடியிலுமாக அவை சிதறிக் கிடக்கின்றன. வேறு சிலருடைய இல்லங்களில் அழகிய மருந்துப் பெட்டி உண்டு. ஆனால் அதனைத் திறந்தால், மூன்றாண்டுகட்கு முன் தீர்ந்த நோய்களின் எச்சங்கள் எல்லாம் அதனுட் குடியிருக்கக் காணலாம். இவ்விருவகையினருள் எவர் மிகுந்த இடரில் உள்ளார் என்று வினவின், விடை கூறுதல் எளிதன்று.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதியில், மருத்துவத்திற்கு உறுப்புக்கள் நான்கு என்று வகுத்துக் காட்டியுள்ளார். நோயுற்றவன் ஒருவன், அந்நோயைத் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று, அம்மருந்தை அருகிருந்து எடுத்துக் கொடுப்பவன் ஒருவன். முதல் மூன்றையும் பற்றி நாம் ஓயாது பேசுகின்றோம். நான்காமவனைப் பற்றிப் பேசுவார் சிலரே. மருத்துவசாலையில் அந்நான்காமவர் பயிற்சி பெற்ற செவிலியர் ஆவர். இல்லத்தில் அவர் யார்? தாயாக இருக்கலாம், தமக்கையாக இருக்கலாம், கண் மங்கிய பாட்டனாராக இருக்கலாம், விடுமுறைக்கு வீடு சென்றுள்ள இக்கல்லூரி மாணவராகவும் இருக்கலாம். மருந்துப் பேழை காவல் பெறுவது பூட்டினால் மட்டும் அன்று. இந்நான்காமவருடைய அறிவினாலேயே அது காவல் பெறுகின்றது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை நான் ஏட்டிற் கற்றுக் கூறவில்லை. சில ஆண்டுகட்கு முன் ஐப்பசி மாதத்து அடைமழை இரவொன்றில் என் தமக்கையார் இல்லத்தில் தங்கியிருந்தேன். அவருடைய பேத்தி, ஓராண்டு நிரம்பிய குழந்தை, சுரத்தால் அனலாய்க் கொதித்தாள். மின்விளக்கு அணைந்துவிட்டது. குழந்தையின் தாயோ இரண்டு இரவு கண்விழித்துக் களைத்திருந்தாள். “நீ இரு அம்மா, நான் கொடுக்கிறேன்” என்று எழுந்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பெட்டியைத் துழாவி, எல்லாரும் அறிந்த பெயருடைய சுர மருந்துப் புட்டியை எடுத்து, தேக்கரண்டி நிறைய ஊற்றினேன். மூத்த குழந்தைக்கு ஒரு தேக்கரண்டி கொடுப்பதைப் பலமுறை கண்டிருந்தேன். கரண்டி குழந்தையின் வாயருகே சென்றபொழுது என் மருமகள், “மாமா, அந்தப் புட்டியோடு வந்த சொட்டுக் குழாய் எங்கே?” என்றாள். என் கை நின்றது. மெழுகுவத்தியை அருகே கொண்டு வந்து புட்டியின் மேலிருந்த சிற்றெழுத்தைப் படித்தேன்.

அது சிரப் அன்று, சொட்டு மருந்து. பெயர் ஒன்றே, பெட்டியின் நிறமும் ஏறத்தாழ ஒன்றே. சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் பாரசிட்டமால். சொட்டு மருந்திலோ ஒரே மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம். நான் கரண்டியில் ஊற்றியிருந்தது 500 மில்லிகிராம்; வளர்ந்த ஓர் ஆள் உட்கொள்ளும் ஒரு மாத்திரையின் அளவு. குழந்தையின் எடை 9 கிலோகிராம். கிலோ ஒன்றுக்கு 15 மில்லிகிராம் என்னும் கணக்கின்படி அவளுக்கு உரியது 135 மில்லிகிராமே. ஏறக்குறைய நான்கு மடங்கு கொடுக்க இருந்தேன். அவ்வாறே ஒரு நாளில் நான்கு முறை கொடுத்திருந்தால் 2,000 மில்லிகிராம் அச்சிற்றுடலிற் சேர்ந்திருக்கும். அஃது ஈரலைச் சிதைக்க வல்ல அளவு. நானோ இருபது ஆண்டுகளாக மாணவர்க்கு வேதியியல் கற்பித்து, “அளவைப் படியுங்கள், பின்னர் ஊற்றுங்கள்” என்று நாள்தோறும் கூறி வருபவன். ஆய்வுக்கூடத்தில் இருந்த எச்சரிக்கை இல்லத்தில் என்னுடன் வரவில்லை. அன்றிரவு குழந்தையைக் காத்தது என் கல்வி அன்று. தாயின் ஒரு கேள்வியே.

இந்நிகழ்ச்சியால் நான் கற்ற முதற் பாடம், மருந்தை அதன் விளம்பரப் பெயரால் அறிதல் போதாது, உட்பொருளின் பெயராலும் செறிவாலும் அறிதல் வேண்டும் என்பது. பாரசிட்டமால் பல பெயர்களில் வருகின்றது. தனி மாத்திரையாக வருவதன்றி, சளிக்கென்றும் உடல்வலிக்கென்றும் விற்கப்படும் கலவை மாத்திரைகள் பலவற்றினுள்ளும் அது மறைந்துள்ளது. சுரத்திற்கு ஒரு மாத்திரையும், தலைவலிக்கு மற்றொன்றும், சளிக்கு இன்னொன்றும் உட்கொண்டவர், மூன்று மருந்து உட்கொண்டதாக எண்ணுவார். உண்மையில் ஒரே மருந்தை மும்முறை உட்கொண்டிருப்பார். உடல்நலமுள்ள வளர்ந்தோர் ஒரு வேளைக்கு 500 முதல் 1,000 மில்லிகிராம் வரை, வேளைக்கு வேளை குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி விட்டு உட்கொள்ளலாம். 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராமைக் கடத்தல் ஆகாது. மெலிந்த உடலினர்க்கும், மதுப்பழக்கம் உடையோர்க்கும், ஈரல் நோயுற்றோர்க்கும் இவ்வளவும் மிகை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் முதுமொழிக்கு இதனினும் பொருத்தமான உரை வேறு வேண்டா.

இரண்டாவது பாடம், கரண்டி அளவுகோல் ஆகாது என்பது. அந்நிகழ்ச்சிக்குப் பின் எங்கள் இல்லத்துத் தேக்கரண்டிகளை எல்லாம் ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு சென்று அளந்து பார்த்தேன். ஒன்று 3 மில்லிலிட்டருக்குச் சற்று மேலும், மற்றொன்று ஏறக்குறைய 7 மில்லிலிட்டரும் கொண்டன. இரண்டையும் நாங்கள் தேக்கரண்டி என்றே வழங்கி வந்தோம். ஆதலால் புட்டியுடன் வரும் அளவு மூடியையோ சொட்டுக் குழாயையோ அப்புட்டியோடு கட்டி வைத்தல் வேண்டும். ஊசியில்லாத 5 மில்லிலிட்டர் சிரிஞ்சு ஒன்று மருந்துக்கடையிற் சிறு விலைக்குக் கிடைக்கும்; குழந்தையுள்ள இல்லத்திற்கு அதனினும் சிறந்த அளவுகோல் இல்லை.

இனி, பேழையில் வைக்கத் தக்கவை யாவை என்று நோக்குவோம். பட்டியல் குறுகியது என்பதே முதலில் அறியத்தக்கது. உடல்வெப்பம் அறியத் தெர்மாமீட்டர் ஒன்று. பாதரசம் உடையதினும் மின்கலத்தால் இயங்குவதே நன்று, உடைந்தால் நஞ்சு சிதறாது. பாரசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை ஓர் அட்டை. குழந்தை இருப்பின் அதற்குரிய சுர மருந்து ஒரே செறிவில் ஒரு புட்டி. இரு செறிவுகளை ஒரே இல்லத்தில் வைத்தலே என் தமக்கையார் வீட்டில் நேர இருந்த பிழைக்கு வித்து. காயத்தைக் கழுவச் சோப்பும் நன்னீரும் எப்பொழுதும் இருத்தலின், அதன்மேல் இடுதற்குப் போவிடோன் அயோடின் களிம்பு போதும். துப்புரவான கட்டுத்துணி, சுருள்கட்டு, பஞ்சு, பிளாஸ்டர், கத்தரிக்கோல் ஆகியன வேண்டும். அரிப்புக்குக் காலமைன் நீர்மமும், நெஞ்செரிச்சலுக்குரிய மருந்தொன்றும் வைக்கலாம். தீப்புண்ணுக்கென்று தனி மருந்து வேண்டுவதில்லை. குழாய்நீரை 20 நிமிடம் புண்ணின்மேல் ஓடவிடுதலே முதல் உதவி. பற்பசை, மை, மாவு முதலியவற்றைப் பூசுதல் புண்ணை மேலும் கெடுக்கும்.

இவையெல்லாவற்றினும் மேலாக வைக்கத் தக்கது ஓ.ஆர்.எஸ். பொட்டலம். 1971ஆம் ஆண்டில் வங்காளதேசப் போர்க்காலத்து ஏதிலிகள் எல்லையருகே பன்காவ் முகாமில் வாந்திபேதியால் மடிந்தபொழுது, நரம்பு வழியே ஏற்றும் நீர் தீர்ந்து போகவே, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் வரை மாண்ட இடத்தில் 4 பேருக்கும் குறைவாகவே மாளும் நிலை உண்டாயிற்று. கொடுத்தவர்களுட் பலர் நோயாளிகளின் உறவினரே என்பதை இங்கே நினைத்தல் வேண்டும். நான்காமவர் உயிர் காத்த வரலாறு இது. குடலில் சர்க்கரை உட்புகும்பொழுது உப்பையும் உடன் இழுத்துச் செல்கின்றது. உப்பின் பின்னே நீர் செல்கின்றது. இம்முறை செவ்வனே நடைபெற அளவு சரியாக இருத்தல் வேண்டும். இந்நாளைய பொட்டலத்தில் ஒரு லிட்டர் நீருக்கு உரிய 20.5 கிராம் உப்புக் கலவை உள்ளது. ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டரிலேயே கரைத்தல் வேண்டும். பாதியைக் குவளையில் இட்டுக் குத்துமதிப்பாகக் கலக்குதல் ஆகாது. கரைத்த நீரை 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்தி, எஞ்சியதைக் கொட்டிவிடுக. பொட்டலம் கிடையாவிடில் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில், 5 மில்லிலிட்டர் அளவுள்ள கரண்டியால் தலைதட்டி 6 கரண்டிச் சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் இட்டுக் கலக்கலாம். கடைகளில் அழகிய பெட்டிகளில் விற்ற இனிப்புப் பானங்கள் சில இம்மூன்று எழுத்துக்களையும் தம் பெயரிற் சூடிக்கொண்டிருந்தன. அவ்வாறு சூடலாகாதென இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஆணையிட்டது. சர்க்கரை மிகுந்த பானம் பேதியைத் தணிக்காது, மிகுவிக்கும்.

வைக்கத் தக்கதை அறிந்தோம். நீக்கத் தக்கதை அறிதல் அதனினும் இன்றியமையாதது. முதலாவதாக நீக்கத் தக்கவை எஞ்சிய ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள். “போன முறை இதில்தான் குணமாயிற்று” என்று அவற்றைச் சேமித்து வைத்தல் நம்மவர் வழக்கம். சளியும் சாதாரணச் சுரமும் பெரும்பாலும் வைரசால் வருவன. அவற்றின்மீது அம்மருந்து செல்லாது. செல்லுமிடத்தும், குறைந்த அளவு நுண்ணுயிரைக் கொல்லாமல், மருந்தை எதிர்த்து நிற்கவே அதனைப் பழக்கும். பெனிசிலினைக் கண்ட அலெக்சாந்தர் பிளெமிங் 1945ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றபொழுது ஆற்றிய உரையிலேயே இதனை எடுத்துரைத்தார். தொண்டை நோயுற்ற ஒருவன் தானே மருந்து வாங்கிக் குறைந்த அளவு உட்கொள்ளுகின்றான். எதிர்க்கக் கற்ற கிருமி அவன் மனைவியைப் பற்றுகின்றது. அவளுக்கு அம்மருந்து பயன்படாமற் போகவே அவள் இறக்கின்றாள். இவ்வாறு ஒரு கற்பனைக் கதையால் அவர் எச்சரித்தார். 2016ஆம் ஆண்டு முதல், மருத்துவர் சீட்டின்றி உட்கொள்ளலாகாத மருந்து அட்டைகளின் மேலுள்ள சிவப்புக் கோட்டைக் கவனிக்குமாறு நம் அரசாங்கம் மக்களுக்கு அறிவுறுத்தி வருகின்றது. அக்கோடுள்ள அட்டை ஒருவர்க்கு ஒரு நோய்க்கு ஒரு முறை எழுதப்பட்டது. குறித்த நாள் முடிய அவர் உட்கொள்ளுதல் வேண்டும். அடுத்த நோய்க்கும் அடுத்த வீட்டார்க்கும் அஃது உரியதன்று.

அவ்வாறே ஸ்டீராய்டு கலந்த களிம்புகளையும் நீக்குக. படர்தாமரைக்கு அவற்றைப் பூசினால் அரிப்பு உடனே அடங்கும். ஆனால் அடங்கியது அரிப்பேயன்றி நோயன்று. சின்னாட்களில் அது முன்னினும் அகன்று பரவும். ஆஸ்பிரினைக் குழந்தைகட்குச் சுர மருந்தாகக் கொடுத்தல் மூளையையும் ஈரலையும் தாக்கும் அரியதொரு கொடிய நோய்க்கு இடமாகலாம். மழைக்காலத்தில் டெங்கு ஐயம் உள்ளபொழுது ஆஸ்பிரினும் ஐபுபுரூபெனும் குருதிப் பெருக்கை மிகுவிக்கும். அப்பொழுது பாரசிட்டமால் ஒன்றே ஏற்றது. ஆனால் இதய நோய்க்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினை ஒருவர் தாமே நிறுத்திவிடலும் ஆகாது. அவரையே வினவி நடத்தல் வேண்டும். நிமெசுலைடு என்னும் மருந்து 12 வயதிற்குட்பட்ட குழந்தைகட்கு ஆகாதென நம் நாட்டில் 2011ஆம் ஆண்டிலேயே தடுக்கப்பட்டது. பழைய பெட்டிகளில் அஃது இருப்பின் எறிந்துவிடுக.

குழந்தைகளின் இருமல் சிரப்பைப் பற்றித் தனியே கூற வேண்டியுள்ளது. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு மருந்தைக் கரைக்க டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் இனிய நஞ்சைப் பயன்படுத்தினர். நூற்றுக்கு மேற்பட்டோர் சிறுநீரகம் பழுதுற்று மாண்டனர். அடுத்த ஆண்டே அந்நாட்டில் மருந்துச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. நம் நாட்டு மருந்துச் சட்டம் 1940ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. சட்டங்கள் வந்தும் அந்நஞ்சு ஒழியவில்லை. 2022ஆம் ஆண்டில் காம்பியா நாட்டில் ஏறத்தாழ 70 குழந்தைகள் இறந்தனர். 2025ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா மாவட்டத்தில் இருபது பேர்க்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர்; அவர்கள் அருந்திய சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்டது என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் நோகின்றது. புட்டியிலுள்ள நஞ்சை எந்தத் தாயும் கண்ணாற் கண்டறிய இயலாது. ஆனால் அப்புட்டி வேண்டுமா என்று வினவ ஒவ்வொரு தாய்க்கும் இயலும். இருமலும் சளியும் குழந்தைகளிடத்துப் பெரும்பாலும் தாமே தீர்வன. 2 வயதிற்குட்பட்ட குழந்தைகட்கு இருமல், சளி மருந்துகளை எழுதலாகாது என்றும், 5 வயதிற்குட்பட்டோர்க்கும் பொதுவாக அவை ஏற்றன அல்ல என்றும், அந்த ஆண்டு அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. வெதுவெதுப்பான நீரும், ஓராண்டு நிரம்பிய குழந்தையாயின் சிறிது தேனும் போதும். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் தருதல் கூடாது. அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்து இளங்குடலில் வளர்ந்து தசைகளைச் செயலறச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். மூச்சு விரைந்தாலும், விலாவின் கீழ்த் தசை உள்வாங்கினாலும், பால் குடியாமற் போனாலும் பேழையைத் தேடாது மருத்துவரைத் தேடுக.

பேழையின் உள்ளே இருப்பன மட்டுமே மருந்து என்று கருதலாகாது. நம் பூசையறைக் கற்பூரம் கற்கண்டைப் போல் தோன்றும். சிறு குழந்தை ஒரு கட்டியை விழுங்கினாலும் சில நிமிடங்களில் வலிப்புக் காணலாம். நீலகிரித் தைலம் வீட்டிற்கு வீடு உண்டு. முகர்ந்தால் இதமளிக்கும் அதனைச் சில மில்லிலிட்டர் குடித்த குழந்தை நினைவிழக்கும். பச்சிளங் குழந்தையின் மூக்கில் தைலம் தடவுதலும் மூச்சைத் தடுக்கும் தீங்கு. அந்துருண்டை மிட்டாயை ஒக்கும். எலி மருந்துப் பசை பற்பசையை ஒக்கும். குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய் குடிநீரை ஒக்கும். நாட்டு மருந்தாயினும் மருந்து மருந்தே. பற்பம், செந்தூரம் முதலியவற்றைப் பதிவு பெற்ற சித்த மருத்துவர் சொற்படியன்றி வழங்கலாகாது. தாளில் மடித்த சூரணத்தின் மேல் பெயரும் நாளும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

அடுத்து, இடம். அட்டைகள் பலவற்றின் மேல் 25 அல்லது 30 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறைந்த வெப்பத்தில் வைக்க என்று அச்சிட்டிருக்கக் காணலாம். சித்திரை வைகாசியில் நம் ஊர்களில் 40 டிகிரி வெயில் அரிதன்று. அடுக்களை வெம்மையும் குளியலறை ஈரமும் மருந்துக்குப் பகை. பழைய ஆஸ்பிரின் புட்டியைத் திறந்தால் காடி மணம் வீசுவதை நம் மாணவர் சிலர் அறிந்திருக்கலாம். காற்றிலுள்ள ஈரம் ஆஸ்பிரினைச் சாலிசிலிக் அமிலமாகவும் அசெட்டிக் அமிலமாகவும் பிரித்துவிட்டது என்பதற்கு அம்மணமே சான்று. எல்லா மருந்தும் இவ்வாறு மணத்தால் தன் கேட்டை அறிவிப்பதில்லை. ஆதலால் வெயில் படாத, காற்றோட்டமுள்ள படுக்கையறை அலமாரியின் மேல்தட்டே தக்க இடம். குழந்தையின் கைக்கு எட்டாததும் கண்ணிற்படாததும் பூட்டுடையதுமாய் அஃது இருத்தல் வேண்டும். திறவாத இன்சுலின் புட்டி 2 முதல் 8 டிகிரி வரையுள்ள குளிர்சாதனப் பெட்டியில் இருக்கலாம். உறைபனித் தட்டில் வைத்தால் அது கெடும். விருந்தினர் கைப்பைகளையும் மறத்தலாகாது. பேரனைக் காண வரும் பாட்டியாரின் பையில் சர்க்கரை நோய் மாத்திரை இருக்கும். அதில் ஒன்று குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதும்.

இனி, எழுத்து. மாத்திரை அட்டையின் ஒரு முனையிலேயே பெயரும் முடிவு நாளும் பெரும்பாலும் அச்சிடப்பட்டுள்ளன. மாத்திரையை எதிர்முனையிலிருந்து எடுத்து வருதல் வேண்டும். கடைசி மாத்திரை வரை அவ்வெழுத்து நிற்கும். மாதமும் ஆண்டும் மட்டும் குறித்திருப்பின் அம்மாதத்துக் கடைசி நாள் வரை என்று கொள்க. ஆனால் திறந்த புட்டிக்கு அந்நாள் செல்லாது. கண் மருந்தைத் திறந்து நான்கு வாரம் ஆயின் எறிதல் வேண்டும். நீர் கலந்து கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் சிரப் மருந்துக்கு மருந்துக்குத் தக்கபடி 7 அல்லது 14 நாளே நிற்கும். திறந்த அன்றே புட்டியின் மேல் நாளைக் குறித்து வைப்பின் இவ்வையம் எழாது. பெயர்பெற்ற 300 மருந்துகளின் உறைமேல் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் கியூ.ஆர். குறியீடு இருத்தல் வேண்டும் என்பது சட்டம். கைப்பேசியால் அதனை நோக்கின் மருந்தின் விவரம் தோன்றும். நாள்தோறும் மருந்துண்ணும் பெரியோர் இருப்பின் ஒருவர்க்கு ஒரு பெட்டி என வேறாக்கி, பெயரைப் பெரிய எழுத்தில் ஒட்டுக. கணவரின் இரத்தக் கொதிப்பு மாத்திரையை மனைவியார் உட்கொள்ளும் பிழை இருளில் எளிதில் நேர்வதே.

பேழையின் மூடியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருத்தல் வேண்டும். குழந்தைகளின் எடை, அதற்குரிய சுர மருந்தின் அளவு, எவர்க்கு எம்மருந்து ஒவ்வாது என்னும் குறிப்பு, மருத்துவரின் தொலைபேசி எண், ஆம்புலன்சுக்குரிய 108, தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்குரிய 104 ஆகியன அதில் இருக்கட்டும். மருந்து கொடுத்த மணியையும் அதன் கீழ் எழுதுக. தாய் கொடுத்ததை அறியாது தந்தை மீண்டும் கொடுத்தல் எத்தனையோ இல்லங்களில் நேர்கின்றது. ஒரு வரி எழுத்து அதனைத் தடுக்கும்.

இத்தனை காவலையும் கடந்து ஒரு குழந்தை எதையேனும் விழுங்கிவிட்டால் செய்யத் தக்கது யாது? வாந்தி எடுக்கச் செய்யற்க. உப்புநீர் கொடுக்கற்க. மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தியெடுக்கச் செய்தால் அது நுரையீரலிற் புகும். குழந்தையின் வாயில் எஞ்சியதை அகற்றி, அட்டையையோ புட்டியையோ கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவசாலைக்கு விரைக. குழந்தை நலமாக விளையாடுகின்றதே என்று காத்திருத்தல் பெரும் பிழை. பாரசிட்டமாலை மிகுதியாக விழுங்கியவர் முதல் நாள் பெரும்பாலும் நலமுடையவர் போன்றே தோன்றுவர்; ஈரல் சிதைவது பின்னரே தெரியும். அதற்குரிய மாற்று மருந்து 8 மணி நேரத்திற்குள் கொடுக்கப்படின் மிக்க பயன் தரும். அந்நேரத்தை வீட்டில் இழப்பது எவ்வளவு பேதைமை!

ஆண்டிற்கு இருமுறையேனும் பேழை முழுவதையும் மேசைமேற் கொட்டிப் பார்த்தல் வேண்டும். பொங்கலுக்கு வீட்டைத் துப்புரவு செய்யும் நாளும், கல்லூரி மூடும் கோடை நாளும் நினைவில் நிற்கத் தக்கவை. நாள் கடந்தவை, பெயர் அழிந்தவை, நிறம் மாறியவை, எவர்க்கென்று எவரும் அறியாதவை ஆகிய நான்கையும் ஒதுக்குக. ஒதுக்கியவற்றைச் சாக்கடையில் ஊற்றற்க. முழு மாத்திரையாகக் குப்பையிலும் எறியற்க. அட்டையிலிருந்து பிரித்து, காப்பித்தூள் சக்கையுடனோ சாம்பலுடனோ கலந்து, மூடிய உறையில் இட்டுப் புறத்தே சேர்த்தல் நன்று. குப்பை பொறுக்கும் சிறுவன் கையிலும் அது மருந்தாகத் தோன்றாதிருத்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! வரும் விடுமுறையில் நீங்கள் இல்லம் சென்றதும் செய்யத்தக்க ஒரு சிறு தொண்டு உண்டு. உங்கள் பெற்றோர் படிக்க இயலாத சிற்றெழுத்தை நீங்கள் படிக்க வல்லீர்கள். பாட்டியார்க்கு விளங்காத உட்பொருட் பெயரை நீங்கள் விளக்க வல்லீர்கள். ஒரு பிற்பகல் அவர்களுடன் அமர்ந்து, பேழையைத் திறந்து, ஒவ்வொரு மருந்தையும் கையிலெடுத்து, இதன் பெயர் என்ன, அளவு என்ன, நாள் என்ன, இஃது எவர்க்கு உரியது என்னும் நான்கு கேள்விகளையும் கேளுங்கள். விடையில்லாத மருந்து வெளியேறட்டும்.

என் தமக்கையார் இல்லத்தில் இப்பொழுது ஒரே ஒரு சுர மருந்துப் புட்டி உள்ளது. அதன் கழுத்தில் அளவு மூடி நூலால் கட்டப்பட்டுள்ளது. அருகே சிறு கைவிளக்கு ஒன்று இருக்கின்றது. அன்று சுரத்தால் வருந்திய குழந்தை இன்று பள்ளி செல்கின்றாள். அண்மையில் நான் சென்றபொழுது, மூடியின் உட்புறத்துத் தாளில் தன் பெயருக்கு எதிரே இருந்த பழைய எடையை அடித்துவிட்டுப் புதிய எடையைத் தானே எழுதிக்கொண்டிருந்தாள். அவ்வில்லத்து நான்காமவர் வரிசையில் அடுத்தவள் அவளே.